படத்தின் பின்னே ஒரு பெயர்

எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு இடையே, கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்டு 1921-ஆம் ஆண்டில் எழுந்தது ஒன்பது வளைவுப் பாலம். சரிவில் காத்திருந்து, மஞ்சு விலகிய கணத்தில் பதுளை ரயிலைப் படம்பிடித்த கதையைப் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் பலர் சுவைபடக் கூறுவர். ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அவர்கள் படமெடுப்பர். அவர் கதையை யார் கூறுவார்?

இக்குறை புதிதன்று. 48-ஆம் வயதில் இக்கலையைத் தொடங்கிய ஜூலியா மார்கரெட் கமரன், 1875-இல் இலங்கையில் குடியேறினார். அவர் 1878-இல் எடுத்த படமொன்றின் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே. அதில் நின்றவர்களின் பெயர் தலைப்பில் இல்லை.

ஆதலால் கமராவைத் தூக்குவோர் முதலில் இசைவு கேட்க வேண்டும். பின்னர்ப் பெயர் கேட்க வேண்டும். பெயரெழுதிய பிரதியொன்றை அப்பெண்ணிடமே சேர்ப்பிக்கலாம். ஒருநாள் பேர்த்தி அதைக் கையிலெடுத்து, "இது எங்க அப்பாயி" என்னும்போதே படத்தின் கதை நிறைவெய்தும்.