குப்பை வண்டி செய்யாத வேலை

 

இன்று குப்பை வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள்.

முன்பு மாடும் குதிரையும் குப்பை வண்டியை இழுத்தன. 1897ஆம் ஆண்டு, லண்டனை அடுத்த சிஸ்விக் என்ற ஊரில் நீராவியால் ஓடும் குப்பை வண்டி வந்தது. அதன் பெட்டியைச் சாய்த்தால் குப்பை தானாகக் கொட்டும். வாரிக் கொட்டும் வேலை குறைந்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. குப்பைக்கு எடை குறைவு. அது அடைக்கும் இடமோ அதிகம். வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் 1930களின் இறுதியில், அமெரிக்காவில் குப்பையை அமுக்கும் லாரி வந்தது. எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு இரும்புத் தகடு நகரும். அது குப்பையை உள்ளே தள்ளி நசுக்கும்.

பெரிய லாரி நம் ஐதராபாத் சந்துகளில் நுழையுமா? நுழையாது. அதனால் 2015இல் மாநகராட்சி சிறிய ஆட்டோ டிப்பர்களைக் கொண்டுவந்தது. வீடுகளுக்குப் பச்சை, நீலம் என இரண்டு கூடைகளும் கொடுத்தது. பச்சையில் ஈரக் குப்பை. நீலத்தில் காய்ந்த குப்பை. ஆட்டோ அதை மாற்று நிலையத்தில் சேர்க்கும். அங்கிருந்து பெரிய வண்டிகள் ஜவஹர்நகருக்குக் கொண்டு போகும். அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை 2020இல் ஓடத் தொடங்கியது. ஈரக் குப்பை நன்றாக எரியுமா? நீங்களே சொல்லுங்கள்.

வண்டி தூக்கும். சாய்க்கும். அமுக்கும். ஆனால் பிரிக்காது. பிரிப்பது மனிதக் கை. நாம் பிரிக்காவிட்டால், ஆட்டோவில் வரும் அண்ணன் பிரிக்க வேண்டும். நாம் போட்ட கண்ணாடித் துண்டு அவர் கையைக் கிழிக்கும். காய்ந்த காகிதத்தைக் கடையில் போட்டால் அவருக்கு நாலு காசு கிடைக்கும். குழம்பில் நனைந்த காகிதத்தை யார் வாங்குவார்கள்?

2016ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. ஈரம் ஒன்று. காய்ந்தது ஒன்று. ஆபத்தானது ஒன்று. பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள். நாப்கினையும் தனியே சுற்றுங்கள். நாம்தான் எழுதக் கற்றுக்கொண்டோமே! கண்ணாடிப் பொட்டலத்தின் மேல் ‘கண்ணாடி’ என்று எழுதுங்கள். தெலுங்கு தெரிந்தால் ‘காஜு’ என்றும் எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.

நாம் எழுதும் ஒரு சொல் ஒருவர் கையைக் காக்கும்.