பரவல் என்னும் சொல்லும் காட்டு மான்களின் குடற்புழுக்களும்



நம் ஜொகூர் மாநிலத்தின் எண்டாவ் ரொம்பின் காட்டில் கடமானும் கேளையாடும் வாழ்கின்றன. பின்னதன் பெயரில் ஆடு இருப்பினும் அதுவும் மானினமே. மலாயில் கிஜாங் எனப்படுவது. 'காட்டு மான்களிடையே புழுப் பரவல் மிகுதி' என ஒரு மாணவர் எழுதினால், அதன் பொருள் யாது? இன்று நாம் ஆராயப் புகுவது இத்தொடரையே.

பத்து மான்களை ஆராய்ந்ததாகக் கொள்வோம். ஆறு மான்களின் குடலில் புழு உண்டு. அவற்றுள் ஐந்தில் பத்துப் பத்துப் புழுக்கள். ஒன்றில் மட்டும் 250. புழுவுற்ற மான்கள் நூற்றுக்கு 60 என்பது ஓர் அளவு. புழுவுற்ற மான் ஒன்றுக்குச் சராசரி 50 புழுக்கள் என்பது வேறோர் அளவு. 300 புழுக்களுள் 250 ஒரே மானிடம் குவிந்திருப்பது மூன்றாவது செய்தி. ஒட்டுண்ணிகள் சில உயிர்களிடமே இவ்வாறு குவியும் இயல்பைக் கிராஃப்டன் என்பார் 1971ஆம் ஆண்டிலேயே கணிதவழி விளக்கினார். காட்டின் எப்பகுதியில் புழு உள்ளது என்பது நான்காவது. ஈரல் தட்டைப்புழுவின் வளர்ச்சிக்கு நத்தை இன்றியமையாதது. ஆதலின் அது ஈரநிலங்களைச் சார்ந்தே காணப்படும்.

இவை அனைத்தையும் 'பரவல்' என்னும் ஒரே சொல் சுமக்கிறது. ஆங்கிலத்திலும் இத்தகைய குழப்பம் இருந்தது. 1982இல் மார்கோலிஸ் குழுவினரும், 1997இல் புஷ் குழுவினரும் இத்துறைச் சொற்களை வரையறுத்துத் தந்தனர்.

தமிழ்நாட்டுப் புள்ளியியல் நூல்கள் 'இயல்நிலைப் பரவல்' என்பதனை இலங்கை நூல்கள் 'செவ்வன் பரம்பல்' என்கின்றன. நம் மாணவர் இடைநிலைப்பள்ளியில் அதனையே மலாயில் 'தாபுரான்' எனக் கற்கின்றனர். எனவே நாம் பரிந்துரைப்பது இது: நூற்றுக்கு எத்தனை உயிர்கள் என்பதற்குத் 'தொற்று வீதம்', புழுவுற்ற உயிர் ஒன்றில் எத்தனை புழுக்கள் என்பதற்குத் 'தொற்றுச் செறிவு', எவ்வுயிர்களிடம், எவ்விடங்களில் என்பதற்குப் 'பரம்பல்', ஓர் உயிரினின்று மற்றொன்றைச் சென்றடைவதற்குப் 'பரவுதல்'.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காட்டுயிர்களை வெட்டிப் பார்க்க இயலாமையால் ஆய்வாளர் பெரும்பாலும் சாணத்தில் புழு முட்டைகளைத் தேடுகின்றனர். தமிழகத்தின் முதுமலைக் காட்டில் மிலிந்த் வத்வேயும் இராமன் சுகுமாரும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வும் அவ்வகையினதே. முட்டையின் எண்ணிக்கை புழுவின் எண்ணிக்கை ஆகாது. புழு இருப்பது ஒன்றே நோயும் ஆகாது. வீதம் உயர்ந்தும் செறிவு தாழ்ந்தும் உள்ள மான்கூட்டம் நலமாகவே வாழலாம். அதனைப் 'பரவல் மிகுதி' என எழுதின், படிப்போர் கொள்ளைநோய் என அஞ்சுவர்.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர் கட்டுரையில் 'பரவல்' என்னும் சொல்லைக் காணுந்தோறும், 'எத்தனை மான்களில்? ஒவ்வொன்றிலும் எத்தனை? எங்கே?' என வினவுங்கள். விடைக்கேற்ற சொல்லை அவர்களே தேர்வார்கள்.