நூதனசாலை தந்த கடமை

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் மன்றத்தார் கொழும்புக்குச் சென்று நூதனசாலையையும் கோள்மண்டலத்தையும் பார்த்துவந்த ஒருநாட் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ஏறிய பஸ், உண்ட சோறு, பாடிய பாட்டு ஆகியவற்றை உடன்வந்தோர் வீடுதோறும் சொல்லி முடித்துவிட்டனர். ஆதலின் அவற்றை விடுத்து, அந்நாள் நமக்கு விட்டுச்சென்ற கடமை யாது என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

முதலிற் கோள்மண்டலம். 1965ஆம் ஆண்டின் கைத்தொழிற் கண்காட்சியை ஒட்டி எழுந்த மண்டபம் அது. கூரையின் உட்புறமே வானமாக மாற, நண்பகலில் நட்சத்திரங்களைக் காண்கிறோம். வியந்து திரும்பினால் அது வேடிக்கை. ஊர்வந்து பரீட்சித்துப் பார்த்தால் அது கல்வி. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்து தோன்றுகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் அகலக்கோடு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையளவில் உள்ளது. கையை நீட்டி முட்டி பிடித்தால், அம்முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே மேகமற்ற இரவில் நம் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால், ஒரு முட்டிக்குங் குறைந்த உயரத்தில் அந்நட்சத்திரம் நிற்கும். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

விஞ்ஞானம் நம் பகுதிக்குப் புதிதன்று. காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிற் பயின்று, 1920இல் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவ்வறிவையும் துணைக்கொண்டு பழந்தமிழ் யாழை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார். மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு இது பெருந்துணிவு தருகிறது. பிறரிடம் கற்பதால் நம்முடையது குறைவதில்லை; வளரவே செய்கிறது.

இனி நூதனசாலை. தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரி காலத்தில், 1877 ஜனவரி 1ஆந் திகதி அது திறக்கப்பட்டது. அம்மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெரியார். என்ன பரிசில் வேண்டுமெனத் தேசாதிபதி வினவ, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தாற் போதும் என்று அவர் கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

உள்ளே, பொலநறுவையிற் கண்டெடுத்த நடராசர் திருமேனியின் முன் நம்மவர் பலர் கைகூப்பி நெடுநேரம் நின்றனர். ஆனால் காலியில் 1911இல் அகப்பட்ட ஒரு கல்லை ஒரு நிமிஷத்திற் கடந்து சென்றனர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்வித்த அக்கல், 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. அதில் மூன்று மொழிகள். சீன மொழி புத்தரைப் போற்றுகிறது. தமிழ், தேவேந்திரமுனையில் எழுந்தருளிய தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. சிதைந்து கிடக்கும் பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகள் மூவர்க்கும் ஏறக்குறைய ஒப்பவே வழங்கப்பட்டன.

கடல்கடந்து வந்த ஒருவன் மூன்று நெறியினர்க்கும் ஒரே கல்லில் இடங்கண்டான். ஒரே தமிழைப் பேசி, அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நாம், ஒரே பஸ்ஸில் இடங்காண முடியாதா? அடுத்த பயணத்தில் அக்கரைப்பற்று முஸ்லிம் இளைஞரையும் உடனழைத்துச் செல்லவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெரியோர் சிலர் இதை விரும்பார் என்பதை அறிவேன். யுத்த காலத்துக் கசப்பை அவர்கள் அனுபவித்தவர்கள். நான் கேட்டறிந்தவன் மாத்திரமே. அத்துயரம் சிறிதென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரு பக்கத்திலும் வீடிழந்தோரும் உறவிழந்தோரும் உளர். ஆயினும் 2004 டிசம்பர் 26இல் வந்த கடல், எவர் வீடென்று கேட்டு நுழையவில்லை. துன்பம் நம்மைப் பிரித்துப் பார்க்காதபோது, கல்வியை ஏன் பிரித்துக் கற்கவேண்டும்? செலவு பற்றிய ஐயம் வேண்டாம். அவரவர் கட்டணம் அவரவர்க்கு. வழியில்லாத பிள்ளைகளுக்கு மாத்திரம் இரு சாராரும் கூடி உதவலாம்.

இன்னுமொன்று. விஜயபாகு தேவரின் பெயர் தாங்கிய தமிழ்க் கல்வெட்டு நம் தம்பிலுவிலுக்குரியது. கொழும்புக் கல்லைக் காண இரவெல்லாம் கண்விழித்துச் சென்ற நம்மில், அதன் வாசகத்தைப் படித்தவர் எத்தனைபேர்? அயலூர்த் தோழர்களை முதலில் இங்கே அழைத்து நம் கல்லைக் காட்டுவோம். அவர்தம் பள்ளிவாசல்களின் பழமையையும் கேட்டறிவோம். அதன்பின் கொழும்புக்குப் பஸ் ஏறுவோம்.

இதனை அடுத்த கூட்டத்திற் பிரேரணையாகக் கொணர அனுமதி வேண்டி, என் உரையை முடிக்கிறேன்.