கைவைத்துக் குணமாக்குவோரைத் தெரிதல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நோய் தீரவென்று மக்கள் தேடிவந்த தலம் நமது கீரிமலை. மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் இத்தீர்த்தத்தில் நீங்கிய கதையைக் கேளாது இவ்வூரில் வளர்ந்தவர் இல்லை. ஆதலால், குணமாக்குவோம் என்று வருபவரை நம்பும் மனம் நமக்கு இயல்பாகவே உண்டு. அந்த மனத்தை நாடி வரும் புதிய முறைகளுள் ஒன்றாகிய 'றெய்கி' பற்றிச் சிறிது பேச எண்ணுகிறோம்.

இஃது யப்பானில் 1922 ஆம் ஆண்டில் மிக்காவோ உசுயி என்பவர் தொடக்கிய முறை. உடலின்மேல் கையை வைத்து உயிர்ச்சக்தியைச் செலுத்துவதாகக் கூறுவர். அச்சக்தியை இதுவரை எந்தக் கருவியும் அளந்ததில்லை. எனினும், அமைதியாகக் கிடத்திக் கனிவுடன் கைவைக்கும்போது மனம் ஆறுவதுண்டு. அதனை நாம் மறுக்கவேண்டியதில்லை. இதனை ஹவாயில் பரப்பிய தக்காத்தா அம்மையார் ஆசிரிய நிலைக்குப் பத்தாயிரம் டொலர் வாங்கினார். 1980 இல் அவர் காலமாகும்வரை அவர் ஆக்கிய ஆசிரியர் 22 பேரே. இன்றோ இரண்டொரு நாளில், கைத்தொலைபேசி வழியாகவும் ஆசிரியப் பட்டம் கிடைக்கிறது!

சித்த வைத்தியரிடம் போனால், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டப்படி பதிவுபெற்றவரா என்று விசாரிக்கலாம். றெய்கிக்கு உலகம் ஒப்பிய பொதுத் தராதரம் ஒன்றில்லை. ஆகவே, சோதிக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது.

சோதிப்பது அவமரியாதை என்று சிலர் கூசுவர். குருட்டுக் குருவை அடைவோரின் கதியைத் திருமூலர் நாயனாரே சொல்லியிருக்கிறார். அயலூராகிய மாவிட்டபுரத்தில் 1872 இல் பிறந்த யோகர் சுவாமிகள் கிளிநொச்சியில் உத்தியோகம் பார்த்தவர். அவர் கண்ட குருவோ, விசரன் என்று ஊர் ஒதுக்கிய நல்லூர்த் தேரடிச் செல்லப்பா சுவாமிகள். வந்தவரை ஏசித் துரத்தியவர் அவர். ஆள் சேர்க்கவுமில்லை, அத்தாட்சிப் பத்திரம் அச்சடிக்கவுமில்லை.

எனவே, றெய்கிக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது, "டொக்டர் தந்த மருந்தை என்ன செய்வது?" என்பதே. "நிறுத்திவிடு" என்றால் அந்த வாசற்படியை விட்டு உடனே இறங்கிவிடவேண்டும். இன்சுலினாலேயே உயிர்வாழும் பிள்ளைக்கு அதனை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கே மோசம் வரும். புற்றுநோய்க்காரருக்கோ, இழந்த மாதங்கள் திரும்பி வாரா. "தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கும் போங்கள், இங்கும் வாருங்கள்" என்பவரோடு மேலே பேசலாம்.

யாரிடம், எத்தனை காலம் படித்தார் என்று கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். முதற்படி, இரண்டாம்படி என்று காசு ஏறிக்கொண்டே போகும் இடங்கள் உண்டு. தீராவிட்டால் "உமக்கு நம்பிக்கை போதாது" என்று பழியை நோயாளியின் தலையில் போடுபவரையும் விலக்குங்கள்.

இன்னுமொன்று, பெண்பிள்ளைகள் உள்ள வீட்டார் கவனிக்கவேண்டியது. இம்முறைக்கு உடை களையத் தேவையே இல்லை, தொடாமலும் செய்யலாம். துணைக்கு வந்த தாயை வெளியே இருக்கச் சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.