இதயநோய்ச் சொற்கள்: மானிப்பாயிலிருந்து பாலிக் புலாவ் வரை

1847ஆம் ஆண்டு வியன்னா மகப்பேற்று மருத்துவமனையில், பிரசவ அறைக்குள் நுழைபவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவியே ஆகவேண்டும் என்றார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் சாவது வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டில்தான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்.

அங்குள்ள மானிப்பாயில் அவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என நூல்கள் வரிசையாக வந்தன. படித்த மருத்துவர் ஊரிலேயே தங்கி, ஊரார் பேச்சில் நோயை விளக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். தமிழில் மருத்துவம் சொல்ல முடியுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு, ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் பதில் கிடைத்துவிட்டது.

அந்த உழைப்பு பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வீடுகளுக்கும் வந்து சேரவேண்டும். இங்கே மருத்துவமனை உண்டு; ஆனால் அடைபட்ட இதயக் குழாயைத் திறக்க, வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையைக் கடந்து ஜார்ஜ் டவுன் பக்கம் போகவேண்டும். நெஞ்சு வலியை ‘வாயு’ என்று எண்ணிக் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால், இதயத் தசை அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருக்கும்.

‘அட்டாக்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வெவ்வேறு நிலைகள் கலந்துகிடக்கின்றன. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு அழுத்தும், வியர்க்கும், வலி கைக்கோ தாடைக்கோ பரவும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரலாம் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். இதய நிறுத்தம் வேறு: துடிப்பு நின்று ஆள் சரிந்துவிடுவார், இயல்பான மூச்சு இருக்காது. உடனே 999ஐ அழைத்து, நடுநெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தவேண்டும். மூன்றாவது, இதயச் செயலிழப்பு. பெயர் அச்சுறுத்தினாலும் இதயம் நின்றுவிடவில்லை; போதிய அளவு இரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மருந்தோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு.

சிகிச்சைப் பெயர்களும் இப்படித்தான் குழம்புகின்றன. ஆஞ்சியோகிராம் அடைப்பைப் பார்க்கும் படம். ஆஞ்சியோபிளாஸ்டி அந்த அடைப்பைப் பலூனால் விரிப்பது. 1977இல் ஜூரிக்கில் குருன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாயில் செய்துகாட்டினார். விரித்த இடம் மீண்டும் சுருங்காமல் தாங்கும் கம்பிவலைக் குழல்தான் ஸ்டென்ட். பைபாஸ் என்பது வேறொரு குழாயை ஒட்டி இரத்தத்துக்கு மாற்றுப்பாதை அமைக்கும் அறுவை.

கைகழுவலில் தொடங்கினோமே, இதயத்துக்கும் கிருமிக்கும் என்ன தொடர்பு? வாயில் வாழும் கிருமி, ஈறுப் புண் வழியே இரத்தத்தில் கலந்து, பழுதான வால்விலோ செயற்கை வால்விலோ குடியேறலாம். இதய உள்ளுறை அழற்சி எனப்படும் இந்த நோய் உயிரைப் பறிக்கக்கூடியது. செயற்கை வால்வு உள்ளவர் பல் பிடுங்கப் போகும்போது அதை முதலிலேயே சொல்லவேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தருவார்கள்.

இப்படிக் கிருமியைத் தடுக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டைப் பினாங்குக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1879இல் இத்தீவில் பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பினுக்குப் போனார். அங்கே பரவிய நுரையீரல் பிளேக் மூச்சுக் காற்றின் வழியே தொற்றுவதைக் கண்டு, பஞ்சும் வலைத்துணியும் சேர்த்த முகக்கவசத்தை அணியச் செய்தார். அதை ஏற்காத மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார். வூ 1960இல் பினாங்கிலேயே காலமானார்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, உங்கள் வீட்டுப் பெரியவரின் இதயநோய்க்குச் சரியான பெயர் என்ன, எந்தச் சிகிச்சை நடந்தது என்று கேட்டுத் தமிழில் எழுதி, மருந்து அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தும் முதலுதவியை வீட்டில் ஒருவராவது இந்த ஆண்டே கற்றுக்கொள்ளுங்கள்.