முக்கொம்பு டைனோசர்



1887 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அண்மையில், மண்டையோட்டின் ஒரு துண்டோடு இணைந்த இரு பெருங் கொம்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒத்னியல் மார்ஷிடம் சென்றன. டைனோசர்களை ஆராய்ந்து பெரும்புகழ் ஈட்டியவர் அவர். அவரோ, அவை மறைந்தொழிந்த காட்டெருதொன்றின் கொம்புகள் எனத் துணிந்து பெயரும் சூட்டிவிட்டார்! நாம் அவரை எள்ளுதல் தகாது. கொம்புள்ள டைனோசரின் முழுத் தலையை அதுவரை எவரும் கண்டதில்லை. வயோமிங் மாநிலத்தில் ஜோன் பெல் ஹற்சர் என்பார் திரட்டிய மண்டையோடு கைக்கு வந்தபின்னரே உண்மை புலப்படலாயிற்று. 1889 இல் மார்ஷ் அவ்விலங்கிற்குத் திரைசெரற்றொப்ஸ் எனப் பெயரிட்டார். மூன்று கொம்புடைய முகம் என்பது அதன் பொருள்.

இவ்விலங்கு ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தது. நீளம் 8 அல்லது 9 மீற்றர். நான்கு தூண்போன்ற கால்கள். மூக்கின்மேல் ஒரு குறுங்கொம்பு. புருவங்களின்மேல் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீண்ட இரு கொம்புகள். கழுத்தின்மேல் விரிந்து நிற்கும் எலும்புத் தட்டி.

இத்துணைப் படைக்கலம் பூண்டது உண்டதோ இலைதழையே! கிளியின் அலகினை ஒத்த வாயினாற் செடிகளைக் கொய்தது. உள்ளே நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக அமைந்திருந்தன. மேலடுக்குத் தேயத் தேய, அடியிலிருந்து புதிய பற்கள் எழும். தாடைகள் கத்தரிக்கோல் போல் நாரினை நறுக்கின.

அப்படியாயின் கொம்புகள் எதற்கு? பகைவரை எதிர்க்கவா, தம்முள் மோதவா? 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, கழுத்துத் தட்டிகளிற் காணப்படும் தழும்புகளை எண்ணிப் பார்த்து, இவை ஒன்றோடொன்று கொம்பு கோத்துப் பொருதிருக்கவேண்டும் என்று கூறிற்று. அலங்காரத்திற்கும் அவை பயன்பட்டிருத்தல் கூடும். இளங்கன்றின் கொம்பு பின்னோக்கி வளைந்திருந்து, முதிர முதிர முன்னோக்கித் திரும்பியது. பருவத்தை இனத்தார் அறிய அதுவே போதுமன்றோ?

இன்னுமொரு சான்று உண்டு. திரைசெரற்றொப்ஸ் ஒன்றின் புருவக்கொம்பில், ஊனுண்ணியாகிய தைரனோசோரஸ் கடித்த வடு காணப்படுகிறது. கடியுண்ட இடத்தில் எலும்பு மீண்டும் வளர்ந்துள்ளது. ஆகவே, அக்கொம்புக்குரிய விலங்கு அன்று உயிர் தப்பியிருக்கிறது.