வாவிக்கரையில் ஓர் இராச்சியம்



இலக்கியத் தொடரிலே கணினி விளையாட்டைப் பற்றி ஒருவர் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் வியக்கக்கூடும். நமது பிள்ளைகளிற் பலர் பழைய அரசர்களின் பெயரை முதன்முதலாக அறிவது பாடப்புத்தகத்திலும் அல்ல, பாட்டியின் வாயிலும் அல்ல, கணினித் திரையிலேதான். ஒரு தலைமுறை தன் கடந்த காலத்தை எங்கே கற்கிறதோ, அங்கே இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் வேலை இருக்கிறது.

நான் சொல்வது ஓடிச்சென்று சுடும் விளையாட்டுகளை அல்ல. வரலாற்று வியூக விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரத்து பாரடொக்ஸ் நிறுவனம் இதிலே பெயர் பெற்றது. அதன் 'குரூசேடர் கிங்ஸ்' என்னும் விளையாட்டில் நீங்கள் மத்திய காலத்து அரசர் ஒருவராக அமர்கிறீர்கள். வரி வாங்கலாம், படை திரட்டலாம், பிள்ளைகளுக்கு மணம் பேசலாம். நீங்கள் இறந்தால் உங்கள் வாரிசாக இருந்து ஆட்டத்தைத் தொடரலாம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு விரிவாக்கத்தின் மூலம் இந்தியாவும் நமது இலங்கையும் அந்த வரைபடத்துக்குள் வந்தன. அதே நிறுவனத்தின் 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' நான்காம் பதிப்பு 2013இல் வந்தது. அதன் ஆட்டம் 1444ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி தொடங்குகிறது. கோட்டையும் யாழ்ப்பாணமும் அங்கே அரசுகளாக நிற்கின்றன.

இவ்விளையாட்டுகளை ஆடுவோர் விரும்பியெடுக்கும் நாடுகளில் ஒன்று மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சிசிலி. 1130ஆம் ஆண்டில் இரண்டாம் ரொஜர் என்னும் நோர்மன் தலைவன் பலெர்மோ நகரில் முடிசூடினான். அவனுடைய குடிகளில் அரபு பேசிய முஸ்லிம்கள் இருந்தனர். கிரேக்க மொழி பேசிய கிறிஸ்தவர்கள் இருந்தனர். இலத்தீன் திருச்சபையைச் சேர்ந்தோரும் யூதரும் இருந்தனர். 1148இல் இறந்த அன்னா என்னும் பெண்ணுக்கு அந்நகரில் வைத்த கல்லிலே இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்றோடு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரொஜரின் அவையிலிருந்த அல் இத்ரீசி என்னும் முஸ்லிம் அறிஞர் 1154இல் உலகப் படநூல் ஒன்றை முடித்துக் கொடுத்தார். சிசிலியை வடிவமைப்பவருக்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. முடிசூடிய ஆண்டு தெரியும், மன்னர் வரிசை தெரியும், தலைநகரம் தெரியும்.

இந்த விளையாட்டுகளுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆடுகிறவர்களே அதன் கோப்புகளைத் திருத்தி, தமது ஊருக்கு ஓர் இராச்சியத்தைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால், வாவிக்கரையில் வாழும் இளைஞர் ஒருவர் மத்திய கால மட்டக்களப்பை வடிவமைக்க உட்கார்ந்தால் என்ன செய்வார்? அவர் முதலில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நான்கு: அரசன் யார், வாரிசு யார், எல்லை எது, சமயமும் மொழியும் எவை. சிசிலிக்கு எளிதாக நிரம்பும் அந்த நான்கு கட்டங்களும் நமது வாவியின் முன்னே தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்திலேதான் நமது வரலாறு இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அவர் முதலில் தேடிப்போக வேண்டிய நூல் 'மட்டக்களப்பு மான்மியம்'. ஏட்டிலே கிடந்த இதனை எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் பதிப்பித்து அச்சேற்றினார். இதை வெறும் வரலாறு என்று வாசித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆண்டுகள் பொருந்தா, மன்னர்களின் பெயர்கள் வேறெங்கும் அகப்படா. வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கினாலோ இழப்பு நமக்கே. என் எண்ணத்தில் மான்மியமும் ஓர் இராச்சியத்தின் வடிவமைப்பு. யார் எந்தக் குடி, எந்தக் குடிக்கு எந்தக் கோவிலில் என்ன உரிமை, யார் யாருக்கு ஊழியம் செய்வது, இவற்றை ஒழுங்குபடுத்தி ஏட்டிலே ஓர் அரசை எழுப்பிவைத்தனர் நமது முன்னோர். போர்களைவிட வரிசைகளுக்கே அதிலே கூடிய இடம்.

இனி முதலாவது கட்டத்துக்கு வருவோம். அரசன் யார்? மான்மியத்தின் பெரும் பெயர் மாகோன். 1215இல் கலிங்கத்திலிருந்து படையோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றிய மாகனே இவன் என்று ஆய்வாளர்கள் கொள்வர். சூளவம்சம் இவனை விகாரைகளை இடித்தவன், நூல்களை அழித்தவன், மக்களை வதைத்தவன் என்று தூற்றுகிறது. மான்மியத்திலோ இவன் குடிகளை வகுத்தவன், கோவில்களுக்கு ஒழுங்கு தந்தவன். விளையாட்டில் ஒவ்வோர் அரசனுக்கும் குணங்களைக் குறிக்க வேண்டும்: கொடியவனா, நீதிமானா? இங்கே இரண்டு ஏடுகள் இரண்டு மனிதரைக் காட்டுகின்றன. நேர்மையான வடிவமைப்பாளர் இரண்டையும் எழுதிவைப்பார். ஒன்றை அழித்து மற்றதை எழுதமாட்டார்.

மாகன் ஆண்டது பொலன்னறுவையிலிருந்து. அவனுக்குப் பின் மட்டக்களப்பில் நாம் காண்பது ஒரு பேரரசனை அல்ல. வன்னியர் என்னும் தலைவர்களை. மேலே ஒரு மன்னனுக்குத் திறை கொடுத்து, கீழே தம் பற்றைத் தாமே ஆண்டவர்கள் இவர்கள். 1602இல் ஒல்லாந்தரின் கப்பலோடு வந்த ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புத் தலைவரை மன்னர் என்றே குறித்தார். ஆனால் உடன்பாடு பேச அவர் மலையேறிப் போக வேண்டியிருந்தது கண்டிக்கு, முதலாம் விமலதர்மசூரியனிடம். முடி எங்கே இருந்தது, ஆட்சி எங்கே இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையைத் தேடினால் மட்டக்களப்பு அகப்படாது.

இரண்டாவது கட்டம், வாரிசு. ஐரோப்பிய அரசுகளை மனத்தில் வைத்துச் செய்த விளையாட்டிலே தந்தைக்குப் பின் மகன் வருவது பொதுவழக்கு. தாய்வழித் திருமணம் என்று ஒரு தெரிவு உண்டு; ஆனால் அது தனியே கேட்டுப் பெறவேண்டிய விதிவிலக்கு. வாவிக்கரையில் அது தலைகீழ். இங்கே ஒருவருக்குக் குடி வருவது தாயின் வழியாக. உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி, பணிக்கனாகுடி என்று நீளும் குடிப்பெயர்கள் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குபவை. முக்குவர் வழமையிலே முதுசொத்து தாய்வழியில் இறங்கி மருமகனை, அதாவது சகோதரியின் மகனைச் சேர்ந்தது. 1876இல் கிறிஸ்தோபர் பிரித்தோ இந்த வழமையைத் தனி நூலாகவே எழுதிவைத்தார். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். இப்படிப்பட்ட நாட்டிலே 'அரசனின் மூத்த மகன்' என்ற கட்டத்தை நிரப்பினால் நாம் வரைவது வேறொருவருடைய நாடு.

மூன்றாவது கட்டம், எல்லை. எதிரி வந்தால் காக்க வேண்டிய கோடு என்று விளையாட்டுக்காரர் எல்லையைக் கருதுகிறார். மட்டக்களப்பை ஆக்கியது கோடு அல்ல, நீர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது வாவி. கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. ஒரு கரையிலே தென்னையும் மீனும், மறுகரையிலே நெல்லும் மாடும். தோணி ஓடினால்தான் இரண்டு கரையும் சேர்ந்து ஒரு நாடு.

வாவிக்கும் கடலுக்கும் இடையே மணல் அடைத்துக்கொள்ளும் ஆற்றுவாய் ஒன்று உண்டு. மாரியிலே வெள்ளம் ஏறி வயலை மூடும்போது ஆற்றுவாயை வெட்ட வேண்டும் என்று கமக்காரர் கேட்பர். வெட்டினால் நீரோடு மீனும் இறாலும் போய்விடுமே என்று வாவியை நம்பியவர் தயங்குவர். எப்போது வெட்டுவது, யார் சொல்லி வெட்டுவது? இது இன்றைக்கும் உயிருள்ள கேள்வி. வாட்போரைவிட இந்த ஒரு தீர்மானத்தை ஆட்டத்தின் நடுவிலே வைத்தால், மட்டக்களப்பை ஆள்வதென்றால் என்ன என்பது விளையாடுகிற பிள்ளைக்கு விளங்கிவிடும்.

இந்த நாட்டின் பகுதிகளுக்குப் பற்று என்று பெயர். மண்முனைப்பற்று, எருவில்பற்று, போரதீவுப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, அக்கரைப்பற்று. இவற்றிற் பல இன்றும் பிரதேச செயலகங்களின் பெயர்ப்பலகையிலே நிற்கின்றன. வடிவமைப்பாளர் புதிய பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பற்றுகளைச் சேர்த்துக் கட்டியவை தேசத்துக்கோவில்கள். படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன். தெற்கே கடலோரத்தில் திருக்கோவில் சித்திரவேலாயுதர். திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு, வண்ணக்கராக நிற்பது யார், மரியாதை முதலில் யாருக்கு என்பதிலேதான் அதிகாரம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே இந்த இராச்சியத்தின் தலைநகரம் அரண்மனை அல்ல, கோவில் வீதி. அதே ஒழுங்கு சிலரை ஊழியத்துக்கென்றே கட்டிவைத்தது. பறை முழக்கியவரும் துணி வெளுத்தவரும் வரிசையின் கடைசியிலே நின்றனர். பெருமைக்காக வரைகிறவர் அந்தக் கடைசி ஆளை மறைத்துவிடக் கூடாது. மான்மியமே மறைக்கவில்லை.

நான்காவது கட்டம்தான் கடினமானது. சமயம் எது, மொழி எது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சமயம், ஒரு பண்பாடு என்று விளையாட்டு கேட்கிறது. திருக்கோவிலிலே ஒரு கல்வெட்டு உண்டு. கோவில் சைவக்கோவில், எழுத்துத் தமிழ், அதிலே பொறித்திருக்கும் மன்னனின் பெயரோ விஜயபாகு. இந்த ஒரு கல்லை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது? பலெர்மோவின் நான்மொழிக் கல்லைக் கண்டு உலகம் வியக்கிறது. நமது கல்லும் அதன் உறவுதான்.

1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களிற் பெருந்தொகையினரை மட்டக்களப்பிலே குடியமர்த்தினான். அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இங்கே இருந்தனர் என்று வழக்காறுகள் சொல்லும். இக்கரை முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிகள் உண்டு. கோவிலில் வண்ணக்கர் நிற்பதுபோலப் பள்ளிவாசலில் குடிக்கு மரைக்கார் நின்றார். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரையும் இந்தப் படத்திலே சேர்க்க வேண்டும்.

திமிலரோடு முக்குவர் பொருதபோது பட்டாணியர் என்னும் முஸ்லிம் வீரர் முக்குவருக்குத் துணை நின்றனர் என்றொரு செவிவழிக் கதை இருக்கிறது. சத்துருக்கொண்டான், ஏறாவூர், சந்திவெளி, வந்தாறுமூலை என்று வழிநெடுக உள்ள ஊர்ப்பெயர்களையெல்லாம் அந்தப் போரோடு முடிச்சுப் போடுவார்கள் பெரியவர்கள். சொல்லாராய்ச்சிக்கு அது நிற்குமோ நிற்காதோ, ஆனால் இரு சமூகமும் தோளோடு தோள் நின்றதாக நினைவுகூர விரும்பிய ஒரு காலம் இருந்தது என்பதற்கு அக்கதையே சாட்சி. சத்துருக்கொண்டானும் காத்தான்குடியும் 1990ஆம் ஆண்டில் எதனால் நினைவில் நிற்கின்றன என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் இந்த வேலை விளையாட்டான வேலை அல்ல என்கிறேன். இந்த மண்ணிலே பழைய வரைபடம் என்பது வெறும் படமல்ல. 'இது யாருடைய நிலம்' என்னும் வழக்கிலே அது சான்றாக நீட்டப்படுகிறது. தமிழ்ப் பிள்ளை ஒருவன் தனக்கு ஒரு பேரரசை வரையலாம், அதிலே முஸ்லிம் இருக்கமாட்டான். முஸ்லிம் பிள்ளை ஒருவன் வரையலாம், அதிலே கோவில் இருக்காது. சிங்களப் பிள்ளை வரையும் படத்திலே வாவியே கண்டியின் ஒரு மூலையாகச் சுருங்கிவிடலாம். மூன்று படமும் திரையிலே அழகாக இருக்கும். மூன்றும் பொய்யாக இருக்கும்.

அரசன் என்ற கட்டத்திலே 'பலர்' என்றும், வாரிசு என்ற கட்டத்திலே 'தாயின் குடி' என்றும், எல்லை என்ற கட்டத்திலே 'நீர்' என்றும் எழுதத் துணிந்த ஒருவர் வந்தால், அவர் வரைவது ஸ்டொக்ஹோமிலிருந்து வந்த அச்சை நிரப்பியதாக இராது. அந்த அச்சையே நமது வாவிக்கு ஏற்றபடி மாற்றியதாக இருக்கும். ஓர் அரசன் உலகை வெல்லும் கதை ஏற்கெனவே ஆயிரம் உண்டு. யாரும் யாரையும் முழுதாக வெல்ல முடியாத ஒரு நாட்டிலே, நீரையும் வரிசையையும் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்த கதை அரியது. ஆட்டமென்று பார்த்தாலும் அதுவே சுவையானது.

உங்கள் வீட்டிலே கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஏசி எழுப்ப வேண்டாம். பக்கத்திலே ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். 'நமது ஊருக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறாய், ஏன்?' என்று கேளுங்கள். மான்மியத்தையும் எடுத்துக் கொடுங்கள். விடுமுறை வந்தால் கொக்கட்டிச்சோலைக்கும் காத்தான்குடிக்கும் ஒரே நாளிலே கூட்டிச் செல்லுங்கள். இரண்டுக்கும் இடையே கிடப்பது அந்த வாவி ஒன்றுதான்.